காற்று எந்தப் பக்கம்?

“பழவேற்காடு ஏரி, மீனவர், அதிகாலை” என்று ஏஐக்கு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே ஆள்தான் வருகிறார். அறுபது வயது, சுருங்கிய தோல், நரைத்த தாடி, எங்கோ நிலைத்த பார்வை. அவருக்குப் பின்னால் மலை. பழவேற்காட்டில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படி ஒரு மலை கண்ணில் படாது. தண்ணீரில் அடர்ந்த ரோஸ் நிறத்தில் பூநாரைகள் நிற்கின்றன. அது அமெரிக்கக் கரைகளில் வாழும் பூநாரையின் நிறம். நம் ஏரிக்கு வருவது வெள்ளை உடம்புக்காரி. சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும். பெரியவர் கையில் வலை இருக்கிறது. கையருகே நூல் நூலாகத் தெளிவாகத் தொடங்கி, இடுப்புக்குக் கீழே போகப் போகக் கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து புகை மாதிரி ஆகிவிடுகிறது.

இப்படிப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் அடங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதன் சொந்தக்காரர் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, பொன்னேரிப் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் இளைஞர். நண்டு வியாபாரிக்குப் பெயர்ப்பலகை, மகிமை மாதா கோயில் திருவிழாவுக்கு வளைவு, கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் போஸ்டர் என்று எல்லா வேலையும் அவரிடம் வரும். முன்பு கூகுளில் தேடி எடுத்து ஒட்டியவர், இப்போது ஏஐயிடம் கேட்டு வாங்குகிறார். ஒன்று கேட்டால் நான்கு தருகிறது. ஒன்றைப் பயன்படுத்திவிட்டு மீதி மூன்றையும் வைத்துக்கொள்கிறார். ஃபோல்டர்களின் பெயர்கள்: புதுசு, புதுசு 2, யூஸ் பண்ணது, ஃபைனல், ஃபைனல் ஃபைனல். “சார், எதுல எது இருக்குதுன்னு எனக்கே தெரியல. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார். புத்தகம் அடுக்கத் தெரிந்தவனுக்குப் படமும் அடுக்கத் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

எவரும் முதலில் செய்வது பொருள்வாரியாகப் பிரிப்பது. படகு, பறவை, கோட்டை, பெண்கள், கோயில். அரை நாள் தாங்காது. படகில் பெண் இருப்பாள், தலைக்கு மேல் பறவை பறக்கும், தூரத்தில் கோட்டை தெரியும். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரே ஒரு லாபம் உண்டு: மோகங்கள் அடுக்கு அடுக்காகத் தெரிகின்றன. அடியில் ஆறு விரல் கைகளின் காலம். 2025 மார்ச் கடைசியில் திடீரென்று குப்பத்தில் பாதிப் பேர் ஜப்பானியக் கார்ட்டூனாக மாறியிருக்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெண்கள் எல்லோரும் பழைய சினிமா நாயகிபோல ஷிஃபான் சேலையில் நிற்கிறார்கள். ஊர் வரலாறாக இது எதற்கும் உதவாது. எந்தக் கருவி எப்போது வந்தது என்ற வரலாற்றுக்கு உதவும்.

வகைப்படுத்துவதில் நமக்கொரு மூதாதை இருக்கிறார். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். விருப்பமில்லாமல்தான் போனார் என்பார்கள். லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்ததும், அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்வதுபோல நூல்களையும் வகைப்படுத்தலாமே என்று தோன்றியதாம். அதிலிருந்து 1933இல் வந்தது கோலன் பகுப்பு முறை. எந்தப் பொருளையும் ஐந்து பக்கத்திலிருந்து கேட்கலாம் என்று பின்னாளில் அவர் அதைத் தெளிவாக்கினார்: எது, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. நூலகம் வளர்கிற உயிர் என்பது 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி விதி.

அந்த ஐந்து கேள்விகளையும் பேனர்காரரின் படங்களிடம் கேட்டுப் பார்த்தோம். எது? மீனவர். என்ன நடக்கிறது? வலை இழுக்கிறார். எங்கே என்றால் படம் பேசவில்லை. பழவேற்காடு என்பது நாம் சொன்ன சொல். அந்தத் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீரும் இல்லை. எப்போது என்றால் இன்னும் மோசம். “1920ஆம் ஆண்டுப் பழவேற்காடு” என்று கேட்டு வாங்கிய பழுப்புநிறப் படத்தின் கோப்புப் பெயரில் 20250402 என்று இருக்கிறது, அது வாட்ஸாப்பில் வந்துசேர்ந்த தேதி. யாருடைய தாத்தாவின் நிஜமான பழைய போட்டோவையோ ஸ்கேன் செய்து அனுப்பினாலும் வாட்ஸாப் அதே மாதிரிதான் பெயர் வைக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து, ஒரே உயரத்தில், ஒரே பழுப்பில், ஒரே ஃபோல்டரில்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். பார்க்காத ஊரைப் படமாக்குவது புதிதும் அல்ல. பழவேற்காட்டை வரைந்தவர்களும் விற்றவர்களும் நானூறு வருஷமாக இருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணியும் போயிற்று, அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பாதிரியாக இருந்த பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரிய நூலில் ஜெல்ட்ரியாவின் செப்புத்தகட்டுப் படம் இருக்கிறது. எழுதியவர் இந்தக் கரைகளை அறிந்தவர். தகட்டில் கீறியவர் கடல் தாண்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று கோட்டை இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் முள்ளும் புதரும் மூடிய மேடுதான். ஆனாலும் அந்தப் படத்தோடு நாம் சண்டை போட முடியும். யார் நூல், எந்த ஆண்டு, எந்த ஊரில் அச்சு, யாருக்காக என்று தெரிவதால், எங்கே மிகைப்படுத்தியிருப்பார்கள், ஏன் கோட்டையை மட்டும் அவ்வளவு அக்கறையாகப் போட்டார்கள் என்று ஊகிக்க இடம் இருக்கிறது. முகவரி உள்ள தப்பான படம் உபயோகமானது. முகவரி இல்லாத படம் சரியாகவே இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஏஐ படத்துக்கு உள்ள ஒரே முகவரி, அதைக் கேட்ட வாக்கியம். கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படமாக்கும் ஏஐயை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். அந்தச் செயலிகள் சில, ப்ராம்ப்ட் என்கிற அந்த வாக்கியத்தைப் பிஎன்ஜி படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. ஆனால் அதே படத்தை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த எழுத்தெல்லாம் உதிர்ந்துவிடும். ஃபோனில் சாட்போட்டிடம் கேட்டு வாங்கும் படத்துக்கோ, கேட்ட வாக்கியம் உரையாடலில் கிடக்கும், படம் கேலரிக்குப் போய்விடும். மறுநாளே இரண்டுக்கும் உறவில்லை. நம் பேனர்காரரிடம் படங்கள் இருந்தன, வாக்கியங்கள் இல்லை.

நியூயார்க் பொது நூலகத்தில் 1915இல் தொடங்கிய படத் தொகுப்பு ஒன்று உண்டு. 1929 முதல் 1968 வரை அதை நடத்தியவர் ரொமானா ஜாவிட்ஸ். பத்திரிகைகளிலிருந்தும் கிழிந்த புத்தகங்களிலிருந்தும் வெட்டிய படங்களை உறையில் போட்டு, ஓவியர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் இரவல் கொடுத்தார்கள். அதன் தலைப்புகளை எந்தப் பேராசிரியரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. வந்தவர்கள் எந்தச் சொல்லால் கேட்டார்களோ அந்தச் சொல்லே காலப்போக்கில் உறையின் தலைப்பானது. படம் எதைக் காட்டுகிறது என்பதோடு, அது எதற்குத் தேவைப்பட்டது என்பதும் அடுக்கும் முறைக்குள் வந்துவிட்டது. நம் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்தார். தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாயின. பலகை எழுதுகிறவருக்குப் பிறர் தூக்கிப்போடும் காகிதத்தின் அருமை தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற இந்த இளைஞரும் அதே தொழிலின் இன்றைய வாரிசுதானே.

ஆகவே முதல் யோசனை இப்படிப் போயிற்று: படத்தின் பொருளை விட்டுவிடு, வேலைவாரியாக ஃபோல்டர் போடு. எந்தப் பேனருக்காக, யார் கேட்டது, என்ன சொல்லிக் கேட்டது, எந்தக் கருவி, கடைசியில் எங்கே கட்டினது. இவற்றை ஒரு நோட்பேட் கோப்பில் தமிழிலேயே எழுதி அதே ஃபோல்டரில் போடு. மிச்ச மூன்று படங்களை அழித்துவிடு. அழிப்பதற்குத்தான் அவருக்கு மனசே வரவில்லை. “இருக்கட்டும் சார், எதுக்காவது ஆவும்” என்றார். இலவசமாக வருவதைத் தூக்கிப்போடுவது, காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போடுவதைவிடக் கஷ்டம்போலும்.

கண்ணீர் அஞ்சலி ஃபோல்டருக்கு வந்தபோது இந்த முறையும் திணறியது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர், நெஞ்சுவலியில் போனவர், இருபத்திரண்டு வயதில் பைக்கில் போனவர். பல வீடுகளில் போட்டோ என்று இருப்பது ஆதார் படமோ மீனவர் அடையாள அட்டைப் படமோதான். தபால்தலை அளவு முகம், பாதி இருட்டு, ஒரு காது இல்லை. அதைப் பத்தடி பேனருக்குப் பெரிதாக்க வேண்டும். ஏஐ அதைச் செய்துவிடுகிறது. இல்லாத காதை வைக்கிறது, சட்டையை வெள்ளையாக்குகிறது, பல்லைச் சீர் செய்கிறது. ஒரு மகள் வந்து, “எங்கப்பாவுக்குப் புருவத்துல ஒரு வெட்டு இருக்குமேண்ணா, எங்க அது?” என்று கேட்டிருக்கிறாள். சின்ன வயதில் நங்கூரம் பட்ட தழும்பாம். ஏஐ அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அவர் திரும்ப வரைந்து வைத்தார். பேனர் இரண்டு வாரத்தில் வெயிலில் வெளுத்துப்போகும். ஆனால் அதே படத்தைத்தான் பிறகு வீட்டில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முகம் அதுதான்.

இது போட்டோவா, ஏஐ படமா? எந்தப் பக்கம் வைப்பது? என் கருத்து, இரண்டையும் பிரிக்கவே கூடாது என்பது. அட்டைப் படமும் ஆக்கிய படமும் ஒரே ஃபோல்டரில், இறந்தவர் பெயரில் இருக்க வேண்டும். ஆக்கிய படத்தை வீட்டாருக்குக் கொடுக்கும்போது அட்டைப் படத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மகள் சொன்ன திருத்தத்தையும் எழுதிவைக்க வேண்டும். அந்த வெட்டு எந்தப் புருவம், எப்படி ஆனது என்று. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எடுத்து எண்ணியல் பிரதியாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோக்காரர்களும் நெகட்டிவில் பென்சில் தீட்டி முகத்தை வெளுப்பாக்கியவர்கள்தான், பின்னால் தாஜ்மஹால் திரை கட்டியவர்கள்தான். ஆனாலும் அந்த நெகட்டிவின் முன்னால் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய ஒரு துளியாவது அங்கே இருக்கும். அட்டைப் படத்தை விட்டுவிட்டு ஆக்கிய படத்தை மட்டும் வைத்தால் அந்தத் துளி போய்விடும்.

மற்ற ஏஐ படங்களை, நிஜப் போட்டோக்களிலிருந்து ஈவிரக்கமில்லாமல் விலக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு ஊரில் இது ரசனைப் பிரச்சினையாக இருக்கலாம். இங்கே அப்படி இல்லை. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதன் விரிவாக்கத்தால் கடற்கரை அரித்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டு உடைந்துபோகும் என்று குப்பங்கள் சொல்லிவருகின்றன. கரை எங்கே இருந்தது, எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, முகத்துவாரம் எந்த மாதம் தூர்ந்தது என்பதற்கெல்லாம் ஊரார் ஃபோனில் இருக்கும் படங்கள்தான் அவர்கள் கையில் உள்ள சாட்சி. அதே கேலரியில் போஸ்டருக்காக உண்டாக்கிய “அரிக்கப்பட்ட கரை” படமும் கிடந்தால், நாளைக்கு ஒருவர் அதைத் தெரியாமல் மனுவோடு இணைத்துவிடுவார். எதிர்த்தரப்புக்கு அந்த ஒன்று போதும், மீதி எல்லாவற்றையும் தள்ளிவிட. 2025 அக்டோபரில் மத்திய மின்னணு அமைச்சகம் வெளியிட்ட விதித் திருத்த வரைவு, செயற்கைப் படத்தின் பரப்பில் குறைந்தது பத்து சதவீதத்துக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்டது. கண்ணுக்குத் தெரியாத முத்திரையைக் கூகுள் 2023 முதலே தன் படங்களுக்குள் வைத்துவருகிறது. இவையெல்லாம் பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்கும் காவல். பேனர்காரரின் ஹார்ட் டிஸ்க்குக்குக் காவல் அவரேதான். இரண்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன். ஒன்றில் கேமரா பார்த்தது, மற்றதில் கேமரா பார்க்காதது.

பிரித்து முடித்த பிறகு, கேமரா பார்க்காத டிஸ்க்கில் கிடந்த நூற்றுக்கணக்கான “மீனவர்” படங்களை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. எதற்கும் பயன்படாத, யாரும் கேட்காத படங்கள். நானாக இருந்தால் மொத்தமாக அழித்திருப்பேன். அவர் ஒரு வேலை செய்தார். சிலவற்றை லேப்டாப்பில் போட்டு, வலை பின்னிக்கொண்டிருந்த தன் பெரியப்பாவிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் காட்டினார். “நல்லா இருக்கறதையும் நல்லா இல்லாததையும் பிரிச்சுக் குடு பெரிப்பா” என்றார்.

பெரியவர் நல்லது கெட்டது பார்க்கவில்லை. முதல் படத்தைப் பார்த்ததும், “காத்து எந்தப் பக்கம்டா?” என்று கேட்டார். படத்தில் படகின் கொடி ஒரு பக்கம் பறந்தது. கரையில் அடுப்புப் புகை அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தண்ணீரின் அலை மூன்றாவது பக்கத்திலிருந்து வந்தது. வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று தெரியாமல் ஒருவன் எப்படி வலை விடுவான்? அடுத்த படத்தில் விடியற்காலைப் பொன்னொளியில் இருபது முப்பது படகுகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றன. எனக்கு அது நல்ல படமாகத்தான் தெரிந்தது. “இத்தினி போட்டு ஒரே எடத்துல எப்படி நிக்கும்? அன்னிக்குப் பாடு யாருது?” என்றார் இன்னொருவர்.

பழவேற்காட்டில் பாடு என்பது ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை. இறால் படும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி விளைவதில்லை. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் சுத்து வலை போடும் இடங்களை முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். ஏரியில் வேலி கிடையாது. முறை என்ற ஒன்றுதான் எல்லை. மற்றச் சாதிகளுக்கும், கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் அந்த முறையில் இடமில்லை என்பதும் அதே ஏரியின் கதைதான். அந்தக் கணக்கில் வளர்ந்தவருக்கு முப்பது படகு கூடி நிற்கும் படம், அழகான காலையாகத் தெரியாது, பெரிய தகராறாகத் தெரியும்.

பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. இந்த வலைக்கு அடியில் ஈயம் எங்கே, இந்தப் பிடியில் இழுத்தால் கை அறுந்துபோகும், இந்தக் கூடையில் இருப்பது மடவையும் இல்லை கொடுவாவும் இல்லை, இவ்வளவு பெரிய களிநண்டைக் கால் கட்டாமல் யாராவது இப்படிப் பிடிப்பார்களா என்று ஒவ்வொரு படமாகக் கிழித்தார்கள். சின்ன வயதில் ஸ்ரீஹரிகோட்டா பக்கமிருந்து வந்த ஒரு முதியவர் இருந்தார். ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவிலிருந்து குடிகள் கிளப்பப்பட்டதும், 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் போனதும் ஏட்டில் இருக்கின்றன. அவர் ஊரின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. தம் பழைய ஊரை ஏஐயால் வரைய முடியுமா என்று கேட்டார். வரைந்தார்கள். வீடு இவ்வளவு உயரம் கிடையாது என்றார். தாழ்த்தினார்கள். வாசல் கடலைப் பார்க்காது என்றார். திருப்பினார்கள். கிணறு எங்கே, சவுக்கு அப்போது ஏது, பனைதான் என்றார். கடைசிவரை படம் அவர் ஊர் மாதிரி ஆகவில்லை. ஆனால் கடைசிப் படம் வருவதற்குள் அந்த ஊர் எப்படி இருந்தது என்று நாங்கள் எல்லோரும் கேட்டு முடித்திருந்தோம். பேனர்காரரின் ஃபோன் பக்கத்தில் ரெக்கார்டிங்கில் இருந்தது.

“பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று மைக்கை நீட்டினால் இவர்கள் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். பேட்டி என்றால் மரியாதையாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள். தப்பான படத்தைக் கண்டால்தான் வாய் திறக்கிறது. அந்தப் படங்களுக்கு நான் கண்டுபிடித்த முதலும் கடைசியுமான நியாயம் இதுதான்.

அதனால் ஃபோல்டர் முறை மறுபடி மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு படத்தோடும் கேட்ட வாக்கியமும், அதை மறுத்துப் பேசிய ஆடியோவும் சேர்ந்து இருக்கின்றன. படத்துக்குப் பெயர் வைப்பது மறுப்பை வைத்துத்தான்: “காத்து தப்பு”, “பாடு தப்பு”, “ஈயம் இல்ல”, “கிணறு எடம் மாத்தணும்”. அழிக்க வேண்டி வந்தால் படத்தை அழிக்கலாம், ஆடியோவைத் தொடக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆடியோ என்பதால் இடம் கூடுதலாகப் பிடிக்கிறது. மூன்றாவது டிஸ்க் வாங்க வேண்டும் என்கிறார். திருவிழா பேனர் பாக்கி வந்ததும் வாங்குவாராம். பெரியப்பாவின் கூட்டாளிகள், பெண்கள் கருவாடு போடும் படங்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருத்த ஆம்பிளைகளுக்குத் தெரியாது, எங்களைக் கேளுங்கள் என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது. அந்த அம்மா இன்னும் ஒரு படத்தையும் பார்க்கவில்லை.